ராணி சொன்ன கடைசி வார்த்தை

மாவு மில்லுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் எஸ்தர் டீச்சர் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முப்பது வயது. படிக்க வந்த தவமணிக்கு நாற்பத்திரண்டு. இவள் அவளை டீச்சர் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள். கீழே மில் ஓடினால் இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

தவமணி தபாலில் பட்டம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அவளுக்கு வாய்த்தது ஒரு பழைய ஆங்கில நாடகம். முதல் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசிப் பக்கத்தில் உயிரோடு இல்லை. பக்கத்துக்கு இருபது வார்த்தை புரியவில்லை.

டீச்சரிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. நோட்டில் அகராதித் தமிழ் எழுதக் கூடாது. அவரவர் வாயில் புழங்குகிற சொல்லைத்தான் எழுத வேண்டும். அகப்படாவிட்டால் இடத்தைக் காலியாக விட வேண்டும்.

பிணத்தின் மேல் போடும் துணிக்குத் தவமணி 'சவப்போர்வை' என்று எழுதி வந்தாள். உங்க வீட்டுல அப்படியா சொல்லுவீங்க என்று டீச்சர் கேட்டாள். அதை அடித்துவிட்டுத் தவமணி 'கோடி' என்று எழுதினாள். சாவு மணிக்கு 'சேகண்டி' என்று அவளாகவே எழுதினாள். இரண்டுக்கும் டீச்சர் டிக் போட்டாள்.

வீட்டில் தவமணியின் புருஷன் சங்கரலிங்கம் மூன்று தலையணையில் சாய்ந்து கிடந்தார். இருபது வருஷம் நூல் மில்லில் பஞ்சுத் தூசியை இழுத்த நெஞ்சு. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. பாடத்தை விட்டுவிடுகிறேன் என்று தவமணி சொன்னபோது அவர் ஒரு நாள் முழுக்கக் கஞ்சி குடிக்கவில்லை. அதனால் பக்கத்து வீட்டுப் பேச்சியை உட்காரவைத்துவிட்டுத் தினமும் மூன்று மணிக்குக் கிளம்புவாள்.

"போயிட்டு வாரேன்" என்பாள்.

அவர் ஒரு விரலைத் தூக்கி, "வா" என்பார். அந்த 'வா' காதில் விழாமல் அவள் வாசல் தாண்டியதில்லை.

நாடகத்தின் கடைசியில், சாகப்போகிற ராணி ஒரே வார்த்தை சொல்கிறாள். ஃபேர்வெல்.

இருக்கிறதிலேயே சுலபம் இதுதான் என்று தவமணி 'பிரியாவிடை' என்று எழுதினாள்.

"மிக்சரும் காப்பியும் குடுத்து குரூப் போட்டோ எடுப்பாங்களே, அதுவாக்கா?" என்றாள் டீச்சர்.

மறுநாள் 'போயிட்டு வாரேன்' என்று எழுதி வந்தாள்.

"ராணி வருவாளா?"

தவமணி பேனாவை மூடினாள். "வெறும் 'போறேன்' எங்க வீட்டுல யாரும் சொல்ல மாட்டோம் டீச்சர். அதுவும் இப்ப என் வாயில வராது."

"அப்பக் காலியா விடுங்க."

"பரீட்சையில கேட்டா?"

"பரீட்சையில பிரியாவிடைன்னு எழுதுங்க, மார்க் போடுவாங்க. நோட்டுல வேண்டாம்."

அன்று சாயங்காலம் சங்கரலிங்கம் வழக்கம்போலக் கேட்டார். "ஏளா, அந்த ராணி இன்னும் சாகலையா?"

ஒரு வார்த்தைக்குத் தமிழ் அகப்படாமல் அங்கேயே நிற்கிறாள் என்று இவள் விவரம் சொன்னாள். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது.

"கெடைச்சா எனக்கும் சொல்லு," என்றார். "எனக்கு ஆகும்."

நான்காம் நாள் அவள் பாடம் முடிந்து வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பேச்சி சொன்னாள்.

மறுநாள் காலையில் எஸ்தர் டீச்சர் வந்தாள். கோடி போர்த்தியிருந்தது. வெளியே சேகண்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வந்து தவமணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துத் தவமணி மெதுவாகக் கேட்டாள். "அந்த வார்த்தைக்குத் தமிழ்ல என்ன டீச்சர்? அவரும் கேட்டாரு. நான் கண்டுபிடிச்சுக் குடுக்கல. ஒண்ணும் சொல்லாமயே போயிட்டாரே."

டீச்சர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கையை விட்டாள், எழுந்தாள், குடையை எடுத்துக்கொண்டாள். நடுத்தெருவில் பார்த்தால்கூட 'வாரேங்க்கா' என்று சொல்லாமல் நகராதவள், தவமணியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் இல்லாமல் படியிறங்கிப் போனாள்.

துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சின்ன வயசிலிருந்து தவமணிக்குத் தெரிந்ததுதான். அன்றைக்குத்தான் அவள் அதைப் பார்த்தாள். பேச்சி பிறகு எழுந்து போனதையும், கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதினாறு முடிந்த மறுநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பினாள். பழக்கத்தில் வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் இறங்கினாள்.

டீச்சர் நோட்டிலிருந்த வார்த்தைகளை வாசிக்கச் சொன்னாள். தவமணி ஆங்கிலத்தைச் சொல்லித் தமிழைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாடை, கோடி, சேகண்டி.

"ஃபேர்வெல்," என்றாள்.

அதோடு நின்றாள். கீழே மில் ஓடவில்லை. நோட்டில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அவள் தலை குனியவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. டீச்சரைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் காலி இடத்துக்கு நேராக ஒரு டிக் போட்டாள்.

"சரிதாங்க்கா. அடுத்த வார்த்தை."