இடது கை வெள்ளை

வள்ளத்துறையில் வலை பின்னத் தெரியாதவர்கள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். பந்து தெரியாதவர்கள் கிடையாது.

அந்த ஊர் அணிக்கு ஆசான் பனிமயம் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அவருக்குச் சீடர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் சேசடிமை. டீச்சரைவிட வயதில் மூத்தவர். ஒரு காலத்தில் ஊருக்குக் கோல் கீப்பர், பிறகு கப்பல் வேலை, இப்போது கிளப் செயலாளர்.

டீச்சர் வந்த பிறகுதான் அணி ஜெயிக்கத் தொடங்கியது. எப்படி என்று பார்க்க சேசடிமை தினமும் கோட்டோரம் வந்து நிற்பார். ஒருநாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். "எனக்கும் சொல்லித் தாங்க, ஆசான்" என்றார்.

ஊர் சிரித்தது. "செயலாளரை ஒண்ணாம் கிளாஸ்ல சேத்திருக்காவ" என்று கடைத்தெருவில் பேசினார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. டீச்சர் அவரை 'அண்ணே' என்பார். அவர் டீச்சரை 'ஆசான்' என்பார். அப்படியே நடந்துவந்தது.

அந்த ஊர்ச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சைச் சட்டை. வலது கையும் பச்சை. இடது கை மட்டும் வெள்ளை. அணியை விட்டுப் போகிறவன் தன் வெள்ளைக் கையைப் பிரித்து, புதிதாக வருகிறவன் சட்டையில் தானே தைத்துக் கொடுப்பான். சட்டை புதிதாக இருக்கும், கை பழையதாக இருக்கும். கிழிந்தால் ஒட்டுப் போடுவார்கள்.

ஏன் அப்படி என்று கேட்டால் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். பனைநார் ஏற்ற வந்த இங்கிலீஷ் கப்பல் ஒன்று பழுதாகிக் கரையோரம் நின்றதாம். அதில் ஆல்டர்விக் என்ற ஊர்க்காரர்கள் நிறையப் பேர். அவர்கள் தங்கள் ஊர் கிளப் சட்டையைப் போட்டுக்கொண்டு மணலில் பந்து ஆடினார்களாம். நம் ஆட்களும் கூட ஆடினார்களாம். போகும்போது பந்தை விட்டுவிட்டுப் போனார்களாம். அந்தப் பந்தை வைத்துக் கிளப்பைத் தொடங்கியவர் சூசை மரியான், முதல் கேப்டன், சுறாத் தூண்டில் ஒரு விரலைக் கொண்டுபோன மனிதர். இங்கிலீஷ்காரன் சட்டையில் இடது கை வெள்ளை, அதையே அவர் நமக்கும் வைத்தார் என்று கதை முடியும்.

கிளப்பின் நூறாவது வருடம் வந்தது. சேசடிமை ஆல்டர்விக் கிளப்பைத் தேடிக் கண்டுபிடித்து ஆட்டத்துக்கு அழைத்தார். அவர்களும் வந்துவிட்டார்கள். பெரிய கிளப் ஒன்றும் இல்லை. தச்சர், பஸ் டிரைவர், வாத்தியார் என்று வேலைக்குப் போகிறவர்கள் ஆடுகிற கிளப். கூட்டி வந்தவர் பெயர் கிரகாம்.

ஆட்டம் மறுநாள் சாயங்காலம் என்று இருந்தது.

ஆட்டத்தன்று காலையில் டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சேசடிமை வந்து பக்கத்தில் நின்றார். முகம் சரியில்லை.

"ஆசான், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"நாம யாரைப் பாத்துக் காப்பி அடிச்சோம்?"

டீச்சர் கோட்டை விட்டு நிமிரவில்லை. "காப்பி அடிச்சா என்னண்ணே? இத்தாலில டுரின்னு ஒரு ஊரு" என்றார். "அங்க பையம்மாரு ஒரு கிளப் தொடங்கி ரோஸ் கலர் சட்டை போட்டாங்க. துவைக்கத் துவைக்க வெளுத்துப்போச்சு. அவங்ககூட இருந்த இங்கிலீஷ்காரர் மூலமா ஊருக்குச் சொல்லிவிட்டாங்க. அங்கேர்ந்து வந்தது கறுப்பும் வெள்ளையும் கோடு போட்ட சட்டை. நாட்ஸ் கவுன்டி கிளப்போட சட்டை. யுவென்டஸ் இன்னைக்கும் அதைத்தான் போடுது."

"டிவில பாக்கத்தானே செய்யுதேன்."

"புதுசா மைதானம் கட்டித் தொறந்தப்ப, முதல் ஆட்டம் ஆட யாரைக் கூப்பிட்டாங்க தெரியுமா? நாட்ஸ் கவுன்டியை. அது அப்ப மூணாவது டிவிசன்ல கெடந்த கிளப்."

டீச்சர் கோட்டை இழுத்துக்கொண்டே போனார். சேசடிமை பின்னால் நடந்தார்.

"பிரேசில்ல சாவோ பாலோ. அங்க ரயில்வேல வேலை பாத்தவங்க, இங்கிலாந்துலேர்ந்து ஆட வந்த கொரிந்தியன் டீமைப் பாத்துட்டு, அந்தப் பேரையே தங்க கிளப்புக்கு வச்சாங்க. கொரிந்தியன்ஸ். இப்ப அந்தப் பேரைச் சொன்னா உலகத்துல யாரு ஞாபகம் வருது?"

"பிரேசில்காரந்தான்."

"பெறவென்ன?"

"ஆசான், அவன் பேரை எடுத்தான். இவன் சட்டையை எடுத்தான்" என்றார் சேசடிமை. "நாம காயத்தை எடுத்திருக்கோம்."

அப்போதுதான் டீச்சர் நிமிர்ந்தார்.

"நேத்து நம்ம பையம்மாரு பயிற்சி எடுத்ததை கிரகாம் பாத்தாரு. 'எல்லாருக்கும் இடது கையில அடியா'ன்னு கேட்டாரு. 'இல்ல, உங்க ஊர்ச் சட்டைதான் இது'ன்னு பெருமையாச் சொன்னேன். 'எங்க சட்டையில ரெண்டு கையும் பச்சைதானே, எப்பவுமே அப்படித்தானே'ன்னாரு. பெறவு யோசிச்சுப் பாத்துட்டுச் சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சாரு. அந்தக் கப்பல்ல வந்த ஹாட்சன்னு ஒருத்தனுக்கு இங்க ஆடும்போது கை ஒடிஞ்சுதாம். வெள்ளைத் துணியால கட்டுப் போட்டுக்கிட்டே ஆடினானாம். நாம அந்தக் கட்டைப் பாத்துட்டு, சட்டையே அப்படித்தான்னு நெனைச்சுத் தைச்சிருக்கோம். நூறு வருசமா ஒருத்தன் கட்டைப் போட்டுக்கிட்டு ஆடிட்டிருக்கோம், ஆசான்."

"அப்புறம் என்ன சொன்னாரு?"

"அப்புறம் நான் அங்க நிக்கலை. நேரா தையல்கடைக்குப் போனேன். எல்லாத்துக்கும் பச்சைக் கை வைக்கச் சொல்லிட்டேன். இன்னைக்கு அவங்க டீமே வந்து நிக்கும். சிரிப்பாங்க. நம்ம பிள்ளைங்க முன்னால சிரிப்பாங்க."

டீச்சர் தூள் வாளியைக் கீழே வைத்தார்.

"கதையைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கீங்க. வாங்க."

கிரகாம் பங்குச் சாமியார் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். பல்லில் மாட்டிய நாரை இழுத்துக்கொண்டே எழுந்தார்.

"இதை ஏற்றிப்போகத்தான் எங்கள் ஆட்கள் இவ்வளவு தூரம் வந்தார்கள்" என்றார். "நான் பல்லிலேயே ஏற்றிக்கொண்டேன்."

டீச்சர் சிரித்தார். சேசடிமை சிரிக்கவில்லை.

"கேளுங்கண்ணே" என்றார் டீச்சர்.

"என்ன கேக்க?"

"அந்தக் கையில கட்டுப் போட்டது யாருன்னு கேளுங்க."

கப்பலில் பழகிய இங்கிலீஷில் சேசடிமை கேட்டார். கிரகாம் சட்டென்று முகம் மாறி, கிழங்கைத் தட்டில் வைத்தார்.

"நேற்று அதைச் சொல்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். நான் சிரித்தது தப்பாகிவிட்டதோ என்று இரவெல்லாம் நினைத்தேன். எங்கள் கிளப்பில் அந்தக் கதையின் பாதி அதுதான். ஹாட்சன் மேல் மோதிய ஆளே வந்து கட்டுப் போட்டானாம். எதிரணி ஆள். மீனவன். நல்ல துணி கிடைக்கவில்லையாம். ஓடிப்போய்த் தன் படகுப் பாயைக் கிழித்துக்கொண்டு வந்தானாம். பாயின் நடுவிலேயே குறுக்காகக் கிழித்தானாம்."

"அந்த மீனவன் பேரு என்னன்னு ஹாட்சன் சொன்னாரு?" என்றார் சேசடிமை.

"பெயரை உச்சரிக்க அவருக்கு வாய் வரவில்லை. விரல் ஒன்று குறைந்த மனிதன் என்றுதான் கடைசிவரை சொல்வாராம்."

"எங்க சூசை மரியான்" என்றார் சேசடிமை.

"எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு" என்றார் கிரகாம். "ஆட்டத்தில் ஒருவன் விழுந்தால், விழத்தள்ளியவன்தான் முதலில் ஓடிப்போய்க் கைகொடுக்க வேண்டும். அப்புறம்தான் நடுவரே வரலாம். மற்ற ஊர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

திரும்பி வரும் வழியில் தையல்கடை கண்ணில் பட்டதும் சேசடிமை நடையை வேகமாக்கினார்.

கடைக்காரர் லூர்தையா சட்டைகளை மடியில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தும்வே" என்றார் சேசடிமை.

"நிறுத்திட்டுத்தான் இருக்கேன். கையைப் பூரா பிரிச்சிட்டேன், பச்சையை வைக்கத்தான் மனசு வரலை. எங்கப்பன் போட்ட கை இதுல கெடக்கு. எதுன்னு தெரியலை, ஆனா கெடக்கு. நீரு பாட்டுக்கு வந்து வெட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டீரு."

"திரும்பத் தைக்கணும்."

"சாயங்காலத்துக்குள்ளயா? எனக்கு ரெண்டு கைதான்வே."

டீச்சர் ஊசி டப்பாவை எடுத்துத் திறந்தார். சேசடிமை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வலை பின்னிய விரல்கள், ஊசி அவருக்குப் புதிது இல்லை. மூன்று பேரும் தைத்தார்கள். வழியில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன செயலாளரே, இன்னைக்குத் தையல் கிளாஸா?" என்றான் ஒருவன்.

"ஆமாம்ல. நீயும் உக்காரு" என்றார் சேசடிமை. அவனும் உட்கார்ந்தான்.

வெள்ளைக் கைகள் ஒன்றுபோல ஒன்று இல்லை. சில புதுத் துணி. சில ஒட்டுமேல் ஒட்டு. ஒரு கை மட்டும் மற்றவற்றைவிட முரடாக, கனமாக இருந்தது. எத்தனையோ பேர் போட்டுப் போட்டு ஓரம் நைந்திருந்தது. அதன் அடியில், உள்பக்கமாக, பழைய தடித்த தையல் ஒன்று ஓடியது. சட்டைத் தையல் இல்லை அது.

சேசடிமை அந்தக் கையைத் தடவிப் பார்த்தார். தைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஆசான்."

"சொல்லுங்கண்ணே."

"கட்டுப் போட்டதே சூசை மரியான்னா, அது சட்டைக் கை இல்லைன்னு அவருக்குத் தெரியுமே."

"தெரியும்."

"அப்ப அவரு தப்பாப் பாத்துத் தைக்கலை. நாமதான் பின்னால கதையை மாத்திச் சொல்லிட்டு வந்திருக்கோம்."

டீச்சர் நூலைப் பல்லால் கடித்தார்.

"ஆனா ஒண்ணு வெளங்கலை" என்றார் சேசடிமை. "பந்து அவங்க தந்தது. சட்டை நிறம் அவங்களது. ஆட்டமே அவங்க சொல்லிக் குடுத்தது. இந்த ஒரு கையை மட்டும் ஏன் வெள்ளையா வைக்கணும்? இந்தக் கிளப்பை ஆரம்பிச்சது அவங்களா, நாமளா?"

டீச்சர் தைத்து முடித்த சட்டையை உதறி மடித்து வைத்தார்.

"நடுவுல கிழிஞ்ச பாயை வச்சுக் கடலுக்குப் போவ முடியுமாண்ணே?"

"எப்படிப் போவ? காத்து பிடிக்காது. புதுப் பாய் தைக்கிற மட்டும் கரையிலதான் கெடக்கணும்."

"கப்பல் போயிருச்சு. பந்து கரையில கெடக்கு. சூசை மரியானும் கரையில கெடக்காரு."

"ஆமா."

"அந்த மிச்சப் பாயை அவரு என்ன செஞ்சிருப்பாரு?"

சேசடிமை மடியில் கிடந்த முரட்டுக் கையைப் பார்த்தார். "இது நம்ம பாய்" என்றார். பிறகு ஊசியில் நூல் கோர்த்தார்.