முருக்கங்கட்டை உறை

விளக்கு அணைச்சாச்சு. கால ஆட்டாத. கதை வேணும்னா "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. சரியா?

"ம்."

ஒரு மலையில, ஒரு ஊர்ல, ஒரு அண்ணன் இருந்தானாம். பேரு சடையன். அவனுக்கு ஒரே ஒரு தங்கச்சி, சிலம்பாயி. அப்பன் ஆத்தா கெடையாது. இவன்தான் அவளத் தோள்ல தூக்கி வளத்தான். அவ ஒரு தும்மல் போட்டாப் போதும், ரெண்டு மலை தாண்டிப் போயி வேரு புடுங்கிட்டு வந்துருவான். யானைன்னா பயம் இல்ல, கரடின்னா பயம் இல்ல. தங்கச்சிக்கு ஏதாவது ஆயிருமோங்குறதுதான் அவனோட ஒரே பயம். அந்தப் பயத்த வச்சுக்கிட்டே ஆளு வளந்தான்.

அப்புறம் சிலம்பாயிக்குக் கல்யாணம் ஆச்சு. மாப்ள வெள்ளையன். எப்பப் பாத்தாலும் சிரிச்ச மூஞ்சி. மலைத்தேன் எடுக்குறவன்.

மலைத்தேன்னா பாட்டில்ல வருதே, அது இல்ல கண்ணு. ஆகாசத்துக்கும் பூமிக்கும் நிக்குற பாறை. அதோட வயித்துல முறம் முறமாத் தேனடை தொங்கும். அத எடுக்கணும்னா மேல மரத்துல கொடிக்கயித்தக் கட்டி, அதுல தொங்கிக்கிட்டு எறங்கணும். அந்த முடிச்சுக்குப் பக்கத்துல யாரு உக்காரணும் தெரியுமா? பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன்தான். வேற ஒரு குஞ்சு கிட்ட வரக்கூடாது.

"ஏன்?"

கயித்த அவுத்து விட்டா கீழ போறது மாப்ள, தாலி அறுக்குறது இவனோட தங்கச்சி. எந்த அண்ணனாவது அதச் செய்வானா? அதான் "மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேணும்"னு சொல்லி வச்சாங்க. அந்த ஊர்ல இன்னொரு வழக்கமும் உண்டு. அடை அறுக்குற கத்தியையும் மச்சான்தான் செஞ்சு குடுக்கணும். கயிறும் அவன் பொறுப்பு, கத்தியும் அவன் பொறுப்பு.

அப்போ சடையன் மலைய விட்டு எறங்கி அடிவாரத்துப் பட்டறைக்குப் போனான். டங்... டங்... டங்...ன்னு கொல்லரு அடிச்சுக்கிட்டு இருக்காரு. பொறி பறக்குது.

"அண்ணே, தொட்டாலே அறுக்குற மாதிரி ஒரு கத்தி வேணும். எங்க மாப்ளைக்கு."

"பழைய அரம் ஒண்ணு கெடக்கு. அதுல அடிச்சா சவரமே பண்ணலாம். ஆனா ரொம்பக் கெட்டி, பாறையில கீறையில பட்டுச்சுன்னா..."

"அதெல்லாம் படாதுண்ணே. நீங்க அடிங்க."

படாதாம்! பாறையில தொங்குறவன் கத்தி பாறையில படாதாம்! அடிச்சு, பழுக்கக் காச்சி, தண்ணியில விட்டாரு. சுஸ்ஸ்ஸ்! அப்படி ஒரு கூரு. சடையன் கையில இருந்த மயிர வழிச்சுப் பாத்துட்டுக் குதிச்சுக்கிட்டே மலை ஏறினான்.

வெள்ளையன் எறங்கினான். மொத அடையில கத்திய வச்சான், சரக்குன்னு உள்ள போச்சு. ரெண்டாவது வீச்சு கொஞ்சம் தள்ளி விழுந்துச்சு. டிங்! கத்தி ரெண்டு துண்டு.

மேல வந்து சிரிச்சான். "மச்சான், பாறையும் பங்கு கேட்டுச்சு. பாதி குடுத்துட்டேன்."

சடையனுக்குச் சிரிப்பு வரல. அந்தத் துண்டு மாப்ள மேல தெறிச்சிருந்தா என்னா ஆயிருக்கும்னு நெனச்சு நெனச்சு, போட்ட சோறு எறங்கல அவனுக்கு. ம் சொல்லு.

"ம்."

அப்புறம் திரும்பவும் பட்டறை. திரும்பவும் டங் டங். இந்தத் தடவ கொல்லரு லாரி ஸ்பிரிங் பட்டைய எடுத்தாரு. "இது உடையாது, வளைஞ்சு குடுக்கும். ஆனா அடிக்கடி தீட்டணும்" அப்படின்னாரு. சடையன் அங்கேயே ஒரு கல்லுல ஓங்கி ஒரு போடு போட்டான். ணங்! ஒண்ணும் ஆகல. கல்லுல ஒரு சில்லு போச்சு, அவ்ளோதான்.

சரி, இரும்பு அமைஞ்சுது. கைப்பிடி? தங்கச்சி புருஷனுக்குக் குடுக்குற பொருளாச்சே, பாக்க லட்சணமா இருக்க வேணாமா? எருமைக் கொம்பு வாங்கிட்டு வந்தான். உக்காந்து தேச்சான், தேச்சான், மொகம் தெரியுற வரைக்கும் தேச்சான். ஊரே வந்து தடவிப் பாத்துட்டுப் போச்சு.

வெள்ளையன் எறங்கினான். அடைய அறுத்தான். தேன் கொழகொழன்னு கத்தி மேல வடிஞ்சு, கை மேல வடிஞ்சு, முழங்கை வரைக்கும் ஓடுச்சு. அப்போ வழுக்! கத்தி கையில இல்ல. கொஞ்ச நேரம் சத்தமே காணோம். அப்புறம் கீழ, எங்கேயோ பாதாளத்துல, ணங்ங்...

பாதி அறுத்த அடை. கையில கத்தி இல்ல. தேனீ சும்மா இருக்குமா? ஞொய்ய்ய்ய்னு கெளம்பிருச்சு. சடையன் "இழுங்கடா, இழுங்கடா"ன்னு தள்ளி நின்ன ஆளுங்களக் கூவிக் கூப்பிட்டு, எல்லாரும் சேந்து மேல தூக்கிட்டாங்க. மூஞ்சி பணியாரம் மாதிரி உப்பிப் போச்சு. சிலம்பாயி பச்சிலை அரைச்சுப் பூசிவிட்டா. அண்ணன ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தாத் தேவல. அவ ஒண்ணுமே சொல்லாம பச்சிலை பூசுறதப் பாத்துக்கிட்டு நின்னான் பாரு, அதுதான் அவனைத் தின்னுருச்சு.

அதுலேர்ந்து அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்குற மாதிரி ஆயிட்டான். கண்ண மூடினாக் கத்தி விழுது. தட்டு விழுந்தா "கத்தி!"ன்னு துள்ளுறான்.

மூணாவது கத்தி. இரும்பு அதே ஸ்பிரிங் பட்டை. கைப்பிடிக்குக் கொம்பு வேணாம்னு கொய்யாக் கட்டை போட்டான். இழைக்காம, சொரசொரன்னு விட்டு, மேல நூல்கயிறு சுத்தினான். தேன்ல முக்கிப் புடிச்சுப் பாத்தான். வழுக்கல. அது நல்ல பிடி, நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

அப்புறம் உறை. இடுப்புல சொருகிக்கிட்டுத் தொங்க ஒரு உறை வேணுமே. சந்தையில செருப்பு தைக்கிறவரு, "பட்டன் வச்ச தோல் உறை தச்சுத் தரேன்"னாரு. ஊர்ல பெருசுங்க, "தோல் வாசம் பட்டாத் தேனீ சீறும்"னு தடுத்துருச்சுங்க. தோட்டத்துல வேல பாக்குற ஒருத்தன் பிளாஸ்டிக் கொழாய்த் துண்டு குடுத்தான். கத்தி உள்ள லொடலொடன்னு ஆடுச்சு. ஆடினா விழும்ல? தூக்கி எறிஞ்சுட்டான் சடையன்.

அப்போ அவனே ஒரு முருக்கங்கட்டைய வெட்டிக் காய வச்சான். லேசான மரம், செதுக்க வசதி. ரெண்டாப் பொளந்து, உள்ள கத்தி எப்படியோ அப்படியே கொடைஞ்சான். ஒரு மயிரிழை எடம் விடல. ரெண்டையும் சேத்து நார் போட்டு இறுக்கினான். கத்திய சொருகித் தலைகீழாப் புடிச்சு உலுக்கினான். விழல. மரத்துல தொங்க விட்டுக் கம்பால அடிச்சான். விழல. அன்னிக்குத்தான் அந்த மனுசன் சிரிச்சான்.

வெள்ளையன் இழுத்துப் பாத்தான். டொக்குன்னு வந்துச்சு. "என்ன மச்சான், கத்திய இழுக்க ஒரு ஆளு, உறையப் புடிக்க ஒரு ஆளு வேணும் போலருக்கே?"

"இறுக்கமா இருந்தாத்தான் மாப்ள விழாது. கேளு, ஒரு அடை அறுத்த ஒடனே உறையில போட்டுரு. கையில வச்சுக்கிட்டுத் தொங்காத. தங்கச்சி மேல சத்தியம் பண்ணு."

"சரி மச்சான், சத்தியம்."

தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லு."

அன்னிக்குக் காலையில மலை மேல ஒரே மஞ்சு மூட்டம். பக்கத்துல நிக்குற ஆளு தெரியல. மரமெல்லாம் சொட்டு சொட்டுன்னு ஊத்துது. சடையன் முடிச்சுக்குப் பக்கத்துல உக்காந்தான். வெள்ளையன் தேனீய வெரட்டப் புகை போட்டுக்கிட்டு எறங்கினான்.

மொத அடை அறுத்தாச்சு. கூடை ரொம்பிருச்சு. கூடைக் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு, சொன்ன சொல்லு தவறாம, தேனும் மஞ்சுமா நனைஞ்ச கத்திய உறையில போட்டான். அடுத்த அடையில புகை ஏறுற வரைக்கும் மஞ்சுக்குள்ளயே தொங்கிக்கிட்டு இருந்தான். பாட்டுக்கூடப் பாடினான். மேல இவனுக்குக் கேட்டுச்சு. நல்ல வேளை, எல்லாம் சரியாப் போகுதுன்னு நெனச்சான் சடையன்.

அப்போ காத்து திரும்புச்சு. புகை விலகிருச்சு. ஞொய்ய்ய்ய்...

"மச்சான், தூக்கு!"

சடையனும் ஆளுங்களும் சேந்து இழுத்தாங்க. கொஞ்ச தூரம் வந்துச்சு. அப்புறம் டக்குன்னு நின்னுருச்சு. கீழ தொங்குன கூடை போயிப் பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு. மேல இவங்க இழுக்குறாங்க, கீழ கூடை இழுக்குது, நடுவுல அவன். கூடை கனத்துல இடுப்பு முடிச்சு இறுகிப் போச்சு, அவுக்க வரல.

"கூடைக் கயித்த அறுத்து விடு மாப்ள! தேன் போனாப் போகுது, அறு!"

"வரல மச்சான்!"

"என்ன வரல?"

"கத்தி வரல!"

சடையனுக்குப் புரியல. "இழு! ரெண்டு கையாலயும் இழு!"ன்னு தொண்டை கிழியக் கத்துறான். கீழேர்ந்து "வரல, வரல"ன்னு மட்டும் கேக்குது. அப்புறம் "மச்சான்"னு மட்டும். அப்புறம் அதுவும் இல்ல, ஞொய்ய்ய்ங்குற சத்தம் மட்டும்.

இந்த எடத்தச் சொல்ல எனக்குப் புடிக்கவே புடிக்காது. ஆனா கேட்டது நீ.

ஒரு ஆளு வேற கயித்துல சுத்தி எறங்கி, அரிவாளால கூடைக் கயித்த வெட்டி விட்டான். இழுத்தாங்க. மேல வந்தது வெள்ளையன் ஒடம்பு. உசுரு இல்ல. ரெண்டு கையும் கத்திப் பிடியில. கத்தி இன்னும் உறைக்குள்ள.

"செத்துட்டாரா?"

ஆமா கண்ணு.

"வேற மாதிரி சொல்லேன்."

சொல்லலாம். நான் சொன்னா அவன் எந்திரிச்சு வந்துருவானா? படு.

அங்கேயே ரெண்டு ஆம்பளைங்க ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு இழுத்தாங்க. கத்தி அசையல. அப்போ ஊர்ப்பெரியவரு சொன்னாரு, "விடுங்கப்பா. மலைச்சாமிதான் உள்ளேர்ந்து புடிச்சுக்கிட்டு இருக்கு. அவன் நேரம் முடிஞ்சுது." எல்லாரும் மண்ணத் தொட்டுக் கும்பிட்டாங்க. சடையனும் கும்பிட்டான். சாமி செஞ்சதுன்னா யாரு என்ன கேக்க முடியும்? சிலம்பாயி அண்ணன் மடியில விழுந்துதான் அழுதா. "எங்கண்ணன் எம்புட்டுப் பாத்துப் பாத்துச் செஞ்சுது, சாமி விடலயே"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா.

அப்புறம் எல்லாம் முடிஞ்சு, வெயில் அடிச்சுது. நல்ல வெயில். வெள்ளையனோட வேட்டி, துண்டு, உறையோட கத்தி எல்லாத்தையும் சிலம்பாயி பாறையில காயப் போட்டா. சாயங்காலமா சடையன் அதுங்கள எடுத்து வைக்கலாம்னு போனான். உறையக் கையில தூக்கினான். சுர்ருன்னு கத்தி தானா வழுக்கிட்டுக் கீழ விழுந்துச்சு.

நின்னான். குனிஞ்சு எடுத்தான். உறையில போட்டான், சாய்ச்சான். சுர்ர். திரும்பப் போட்டான். சுர்ர்.

அப்போதான் அவனுக்கு வெளங்குச்சு. மஞ்சு. மரம் தண்ணியக் குடிச்சு உப்பிப் போயிக் கத்தியக் கவ்விக்கிச்சு. உப்பின உப்புல நாரும் தளந்துருச்சு, காஞ்சதும் விட்டுருச்சு. ஒரு மயிரிழை எடம் விட்டிருந்தாப் போதும். சாமியும் இல்ல, நேரமும் இல்ல. ஏனோதானோன்னு செஞ்சு போன உசுருன்னா அழுது தீத்துக்கலாம் கண்ணு. பாத்துப் பாத்துச் செஞ்சே போன உசுர என்ன செய்யுறது?

இது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கத்தியப் பள்ளத்துல வீசிட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அவனால முடியல. தங்கச்சிகிட்டப் பொய் சொல்லி வாழ்ந்து பழக்கம் இல்லாத மனுசன். நேரா அவகிட்டப் போனான். அவ அடுப்புல கஞ்சி வச்சுக்கிட்டு இருந்தா.

"தாயி, கத்தியப் புடிச்சது சாமி இல்ல."

அவ திரும்பிப் பாத்தா.

"நான் செஞ்ச உறைதான். மஞ்சுல ஊறி இறுகிப் போச்சு. விழக்கூடாது விழக்கூடாதுன்னு நான்தான் அப்படி இறுக்கமாக் கொடைஞ்சேன். நான்தான் தாயி."

அவ வெறக உள்ள தள்ளினா. அது சடசடன்னு எரியுது. அப்புறம் மெதுவாச் சொன்னா:

"சாமின்னே விட்டிருக்கலாமே அண்ணே. எனக்குப் புருசன் ஒருத்தன்தான் போனான்னு இருந்தேனே."

அப்புறம் எந்திரிச்சா. கஞ்சிய ஊத்தினா, அவன் முன்னால வச்சா. மறுநாளும் வச்சா, அதுக்கு மறுநாளும் வச்சா, கடைசி வரைக்கும் ஒரு வேளை தப்பாம வச்சா. ஆனா "அண்ணே"ன்னு மட்டும் அதுக்கப்புறம் கூப்பிடல.

"..."

ம் சொல்லு.

"..."

சரி. மலையில மஞ்சு எறங்கியாச்சு, கதையும் அடங்கியாச்சு. தூங்கு கண்ணு.