முத்திரை மண்டபத்தில் ஒரு மணியோசை

முத்திரை நாயகம் புற்றிடங்கொண்டார் தம் வாழ்நாளில் எவரிடமும் கை நீட்டியவர் அல்லர். நீட்ட வேண்டிய தேவையே அவருக்கு நேர்ந்ததில்லை. கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு தட்டு இருந்தது.

குலவழுதி மன்னரின் நாட்டில் எந்த விண்ணப்ப ஓலையும் புற்றிடங்கொண்டாரின் முத்திரை விழுந்த பின்னரே செல்லுபடியாகும். வைகறையில் நீராடி, நெற்றி நிறைய நீறணிந்து, சிவபூசை முடித்து அவர் மண்டபத்தில் வந்தமர்வார். ஒரு புறம் நல்ல நேரம் பார்க்கப் பஞ்சாங்கம்; மறுபுறம் அந்த வெண்கலத் தட்டு. மரியாதைத் தட்டு என்று அதற்குப் பெயர். அதில் நெய்க்குடம் வைத்தவனின் ஓலைக்கு அன்றே நல்ல நேரம் வந்துவிடும். வாழைத்தார் வைத்தவனுக்கு மறுநாள். ஒன்றும் வையாதவனுக்கோ இராகுகாலம் விலகுவதே இல்லை.

நாரைக்குளத்துச் சடைச்சிக்கு நாற்பது நாளாக விலகவில்லை. அவள் ஊர் மதகு உடைந்து கிடந்தது. அடைமழைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் மதகைக் கட்டாவிட்டால் குளம் பெயர்ந்து ஊருக்குள் வந்துவிடும். பொறுத்துப் பார்த்தவள் நேரே அரசவைக்கு வந்து நின்றாள்.

"சாமி, எங்க ஓலைக்கு மட்டும் நாற்பது நாளா இராகுகாலம். சோசியத்துல இப்படி ஒரு கிரகம் உண்டாங்க?"

அரசர் புற்றிடங்கொண்டாரைப் பார்த்தார்.

"அரசே, நான் எவரையும் ஒன்றும் கேட்டதில்லை" என்றார் அவர், கண்களை மூடித் திறந்து. "கேட்டு வாங்கினால் கையூட்டு. கேளாமல் வருவது அன்பு. இறைவன் சன்னிதிக்கே எவரும் வெறுங்கையோடு போவதில்லை. என் மண்டபத்தையும் அப்படி ஒரு சன்னிதியாக மக்கள் கருதினால், அடியேன் என்ன செய்வேன்?"

சொல்லிவிட்டுத் தம் விடையைத் தாமே மெச்சிக்கொண்டார். அவையில் பலர் தலையசைத்தார்கள். அவர்கள் வீட்டிலும் தட்டுகள் இருந்தன.

அரசர் அவைப்புலவர் குழைக்காதர் பக்கம் திரும்பினார். "புலவரே, கேட்டீர் அல்லவா? தட்டை எடுக்கக் கூடாது. தருபவரைத் தடுக்கக் கூடாது. நாயகத்தின் மேல் குற்றமும் சொல்லக் கூடாது. ஆயினும் எது அன்பு, எது கையூட்டு என்று நாளை உச்சிக்குள் பிரித்துக் காட்டும்."

"ஆகட்டும் அரசே. கோயிலில் நடப்பது அவ்வளவும் நாயகத்தின் மண்டபத்திலும் நடக்க அனுமதி வேண்டும்."

"நடக்கட்டும்" என்றார் அரசர். புற்றிடங்கொண்டாருக்குப் பேருவகை. தமக்குத் தீபாராதனையே காட்டப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

மறுநாள் காலை மண்டப வாயிலில் குழைக்காதர் இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வெண்கல மணியோடு நின்றார். அரசர் ஒரு தூணோரம் அமர்ந்திருந்தார். எண்ணெய் வாணிகர் பொன்னுரங்கம் நெய்க்குடத்தோடு முதலில் வந்தார்.

"வாருங்கள். பெயர்?"

"பொன்னுரங்கம்."

"நட்சத்திரம்?"

"பூரட்டாதி. எதற்குக் கேட்கிறீர்?"

"அர்ச்சனைக்குத்தான். வேண்டுதல்?"

"வேண்டுதல் ஒன்றுமில்லை. சும்மா, அன்பு."

"அன்புக்குக் கக்கத்தில் ஓலை எதற்கு ஐயா?" என்று அதை உருவிப் படித்தார் குழைக்காதர். பிறகு மணியை அடித்தார். தெருக்கோடி வரை கேட்கும் குரலில் ஓதினார்: "பூரட்டாதியில் உதித்த பொன்னுரங்கம், தம் எடைக்கற்களை எவரும் சோதியாமல் முத்திரை விழ வேண்டி, நெய்க்குடம் ஒன்று சமர்ப்பிக்கிறார்."

நேற்றுத்தான் அவரிடம் எண்ணெய் வாங்கிய நான்கு பெண்கள் வரிசையில் நின்றார்கள். நால்வரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"குடம் வீட்டுக்கு வேண்டும்" என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார் பொன்னுரங்கம். அவருக்குப் பின்னால் ஆட்டுக்கிடாயைப் பிடித்து நின்றவர், "இது வழி தவறி என்னோடு வந்தது" என்று கயிற்றை விட்டுவிட்டு நழுவினார். பலாப்பழம் கொண்டு வந்தவர் அதைத் துண்டால் மூடினார். பலாவின் மணத்தை மூட முடியாமல் தாமும் ஓடினார். உச்சிப்பொழுது வரை அந்த மணியோசையைத் தாண்டி ஒருவர் அன்பும் உள்ளே வரவில்லை.

"இது என்ன பரிகாசம்?" என்றார் புற்றிடங்கொண்டார்.

"சன்னிதி என்று நேற்றுச் சொன்னவர் தாங்கள். சன்னிதியில் பெயரையும் வேண்டுதலையும் வாய்விட்டுச் சொல்வதுதானே வழக்கம்? சொல்லக் கூசாதது அன்பு. கூசி ஓடியது எதுவென்று நான் சொல்லவில்லை. குற்றம் சொல்லலாகாது என்பது அரசர் ஆணை."

அப்போது சடைச்சி வந்தாள். கை வீசிக்கொண்டு வந்தாள்.

"பேரு சடைச்சி. நட்சத்திரம் தெரியாது; பிறந்த அன்னைக்கு நல்ல மழைன்னு ஆத்தா சொல்லும். வேண்டுதல் மதகு. கையில ஒண்ணும் இல்ல. அதையும் உரக்கச் சொல்லுங்க."

மணி ஒலித்தது. "வெறுங்கையோடு வந்த சடைச்சிக்கு, நாற்பது நாள் கழித்து..." என்று குழைக்காதர் இழுக்கும்போதே முத்திரை ஓலையில் விழுந்துவிட்டது. புற்றிடங்கொண்டார் பஞ்சாங்கத்தைத் தொடக்கூட இல்லை.

அரசர் எழுந்து வந்தார். "நாயகமே, சன்னிதி என்றால் உற்சவமும் உண்டு. மழைக்குமுன் நாரைக்குளத்துக்கு எழுந்தருளும். மதகு முடியும்வரை மண்கூடை சுமக்கலாம். புலவரே, மணி இங்கேயே தொங்கட்டும்."

பிறகு தம் முத்துமாலையைக் கழற்றியபடி குழைக்காதரின் காதருகே குனிந்தார். பக்கத்தில் இருந்த புற்றிடங்கொண்டாருக்கு மட்டும் அது கேட்டது. "இது உமக்கு. முந்தாநாள் அரசியார் ஏற்பாடு செய்த புராணப் பிரசங்கத்தில் நான் தூணில் சாய்ந்து உறங்கியது உமக்கு மட்டுமே தெரியும். அந்தப்புரத்துக்கு அது எட்ட வேண்டாம்."

புற்றிடங்கொண்டாரின் முகத்தில் காலையிலிருந்து காணாத ஒளி வந்தது. அரசரும் நம்மவர்தான் என்று நெஞ்சம் குளிர்ந்தார்.

குழைக்காதர் மாலையை வாங்கவில்லை. மணியை எடுத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்:

"அரசே, தங்கள் நட்சத்திரம்?"