மயிலாகிவிட்ட தத்துப்பூச்சி

ஒரு காட்டில், ஓடைக்கரைக் கொடி ஒன்றில் தும்பன் என்றொரு தத்துப்பூச்சிக் குஞ்சு இருந்தான். நாள் முழுக்கத் தண்டில் சாறு உறிஞ்சுவதே அவன் வேலை. ஆள் மிளகளவுகூட இல்லை. ஆனால் வால்பக்கம் வெள்ளை மெழுகு இழைகள் விசிறிபோல விரிந்திருக்கும்.

அவன் பின்பக்கம் சொட்டும் இனிப்புத் துளிதான் அஞ்சலை எறும்புக்குக் காலைப் பலகாரம்.

ஒருநாள் ஓடைக்கு வந்த மயில் தோகை விரித்து ஆடியது. தும்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா! நானும் மயில்தான்!"

"மயிலோ குயிலோ, சொட்டு எப்போது விழும்?" என்று கேட்டாள் அஞ்சலை.

"மயில் சொட்டாது. அருளும்!"

அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள். தும்பனோ ஆடத் தொடங்கினான். ஆடியபடியே பின்னால் நகர்ந்தான். தோகை போய் வலையாண்டி என்ற சிலந்தியின் வலையில் ஒட்டிக்கொண்டது.

வலையாண்டி மெல்ல இறங்கி வந்தது. "மயிலாரே, அசையாதீர்கள்! தோகை பிய்ந்துவிடும். நானே இழை இழையாக எடுத்துவிடுகிறேன்."

"எவ்வளவு மரியாதை தெரிந்தவர்!" என்று பூரித்தான் தும்பன்.

"மடையா, குதி! அது வெறும் மெழுகு. போனால் மறுபடி முளைக்கும்!" என்று கத்தினாள் அஞ்சலை.

"மயிலாவது, குதிப்பதாவது!"

சிலந்தி ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டது. அஞ்சலை கொடியில் மேலும் கீழும் ஓடினாள். பலகாரம் போனால் போகட்டும், பாவி உயிர் போய்விடுமே! சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"நீ மயிலே இல்லை" என்று உதட்டைப் பிதுக்கினாள். "மயில் வருஷா வருஷம் தோகையை உதிர்க்கும். உதிர்க்கத் தெரியாதவன் என்ன மயில்?"

தும்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருக்கு உதிர்க்கத் தெரியாது? இதோ பார்!"

பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஓர் உதை. டப்! தோகை வலையில் நின்றது. தும்பன் இரண்டு முழம் தள்ளி எருக்கஞ்செடியில் விழுந்தான். அதே நொடியில் பாய்ந்த வலையாண்டி, வாய் கொள்ளாமல் மெழுகைக் கவ்வியது. வாய் ஒட்டிக்கொண்டது.

"ம்ம்ம்! ம்ம்ம்!"

மூன்று நாளைக்கு அதற்கு வேறு பேச்சே வரவில்லை, குழந்தைகளே.

அஞ்சலை மூச்சிரைக்க எருக்கஞ்செடிக்கு ஓடிவந்தாள். தும்பன் தன் மொட்டை வாலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா... அந்தச் சிலந்தி என்னைத் தின்னவா வந்தது?"

"பின்னே, உனக்குத் தலை வாரிவிடவா வந்தது?"

நீதி: புகழ்ந்துகொண்டே கிட்டே வருபவரைவிட, திட்டி விரட்டுபவரே சில வேளை நல்ல நண்பர்.