கோமதி பேர் வெட்டிய தூக்குவாளி

ஆற்றங்கரை ஆசிரமத்தில் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் எல்லாம் தலைகீழ். குரு கீழே பாயில் சிலேட்டோடு உட்காருவார். சீடர் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் நடத்துவார்.

குருவைக் கரையடிச் சாமி என்பார்கள். நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். துறவியாவதற்கு முன்னால் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாராம். அதைக் கேட்டால் சிரிப்பாரே தவிர இல்லை என்று சொல்லமாட்டார். சீடர் ஆவுடையப்பன், தென்காசியில் ஆங்கில வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி கோமதி தவறிய பிறகு, மகள் செண்பகத்தை வீட்டில் தனியே விட்டுவிட்டு இங்கே வந்து ஒண்டிக்கொண்டவர்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து போக ஆரம்பித்ததிலிருந்து சாமிக்கு இங்கிலீஷ் மேல் ஆசை. ஆவுடையப்பனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். காவி கட்டவேண்டும். கட்டிவிட்டால் தென்காசியும் அந்த வீடும் தன்னை விட்டுப் போய்விடும் என்று நம்பினார்.

"சாமி, எனக்கு எப்போ?" என்று ஒருநாள் கேட்டார்.

"நீங்க நடத்துத பாடத்தை நான் முடிச்ச அன்னைக்கு."

அதைவிட வேறென்ன வேண்டும்? ஆவுடையப்பன் வரிந்து கட்டிக்கொண்டு நடத்தினார். சாமியும் கற்பூர புத்திக்காரர். காலங்கள் முடிந்தன, வேற்றுமை முடிந்தது. கடைசியில் செயப்பாட்டு வினையில் வந்து வண்டி நின்றுவிட்டது. இப்படிச் செய்யப்பட்டிருந்தால் அப்படி ஆகியிருக்கும் என்று வருகிற வாக்கியம்.

விளக்கு ஏற்றப்பட்டிருந்தால் பாம்பு பார்க்கப்பட்டிருக்கும். கதவு பூட்டப்பட்டிருந்தால் மாடு திருடப்பட்டிருக்காது. முதல் பாதியைச் சாமி முத்து முத்தாக எழுதுவார். இரண்டாம் பாதி வரும்போது குச்சியைக் கீழே வைத்துவிடுவார்.

"என்ன சாமி, நின்னுட்டீங்க?"

"நடக்கலியே சார். நடக்காததை எப்படி எழுத?"

"இது இலக்கணம் சாமி. நடக்கணும்னு இல்ல."

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எத்தனையோ மக்குப் பையன்களைக் கரையேற்றிய ஆவுடையப்பனுக்கு, இந்தக் கரையடிச் சாமியைக் கரையேற்ற முடியவில்லை. படுக்கும்போதெல்லாம் ஆத்திரமாக வந்தது. அவருக்கென்று எடுத்த காவி வேட்டி துவைத்துக் கொடியில் காயப்போட்டபடி கிடந்தது.

அன்றைக்கு அமாவாசை. பாடம் பாதியில் இருக்கும்போது வாசலில் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, அப்பா இருக்காங்களா?"

செண்பகம். மாதாமாதம் அமாவாசைக்கு வருவாள். ஒரு தூக்குவாளி நிறைய மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுவந்து சமையல்கட்டு சுடலைமுத்துவிடம் கொடுத்துவிட்டு, அப்பா வருவாரா என்று வேப்பமரத்தடியில் காத்திருந்துவிட்டுப் போவாள். ஆவுடையப்பன் ஒருநாளும் வெளியே வந்ததில்லை. அந்த இட்லியைத் தொட்டதும் இல்லை. அவள் முகத்தில் அம்மாவின் சாடை அப்படியே இருக்கும். அதைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

அவர் குரலை உயர்த்தினார். வாசல் சத்தம் கேட்காத அளவுக்கு உயர்த்தினார்.

"எழுதுங்க சாமி. இஃப் ஷீ ஹேட் பீன் டேக்கன் டு த ஹாஸ்பிடல் தட் ஈவினிங்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அன்று சாயங்காலமே அவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தால்.

சாமி எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு சார் கூட்டிட்டுப் போயிருக்கணும்?"

ஆவுடையப்பன் சாக்பீஸைப் பெஞ்சில் வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நாந்தான். நெஞ்சு கரிக்குன்னு சொன்னா சாமி. வாயுவா இருக்கும், சுக்குவெந்நீர் குடி, காலைல பாப்போம்னுட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். சரிங்கன்னு போய்ப் படுத்துட்டா. எதுத்தே பேசமாட்டா. அன்னைக்காவது பேசியிருக்கலாம்."

"பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுட்டாக்கூடத் தேவல சாமி."

சாமி குனிந்தார். சிலேட்டில் குச்சி கிறீச்சிட்டது. நிற்காமல் எழுதி, ஆவுடையப்பன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஷீ வுட் ஹேவ் பீன் சேவ்ட். அவள் காப்பாற்றப்பட்டிருப்பாள்.

ஒரு பிழை இல்லை.

"இதை எழுத உங்களுக்கு முதல்லயே தெரியுமா சாமி?"

"தெரியும் சார். நீங்க அந்த ரெண்டாம் பாதியிலேயே குடியிருந்தீங்க. எப்போ வெளிய வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

சாமி எழுந்துபோய்க் கொடியிலிருந்த காவி வேட்டியை எடுத்து வந்தார். இதற்குத்தானே இத்தனை நாள். ஆவுடையப்பன் பெஞ்சை விட்டு இறங்கி, கை கூப்பி நின்றார்.

"ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றார் சாமி. "சுடலைமுத்து, அதையெல்லாம் கொண்டா."

சுடலைமுத்து இரண்டு கையிலும் தூக்குவாளிகளை மாட்டிக்கொண்டு வந்தான். எவர்சில்வர், அலுமினியம், மூடி நெளிந்த ஒன்று. ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்து, திரும்பிப் போகாமல் சமையல்கட்டுப் பரணில் சேர்ந்தவை.

"நான் கழுவிக் குடுத்தாலும் அந்தப் பிள்ளை வாங்க மாட்டேங்கு சாமி. அப்பா கையால குடுக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிரும். இன்னைக்குக் கொண்டாந்ததுதான் கடைசியாம். வீட்டுல இனிமே வேற தூக்கு இல்லியாம்."

அந்தக் கடைசித் தூக்கைப் பாயில் வைத்தான். பித்தளை. கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. ஆ. கோமதி.

ஆவுடையப்பன் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தூக்கு அவருக்குத் தெரியாததா? கல்யாணச் சீரில் வந்தது. பேர் வெட்டுகிறவன் வீட்டுக்கே வந்து தட்டித் தட்டி வெட்டினான். "உங்க பேரோட முதல் எழுத்தையும் சேத்துத்தான் வெட்டச் சொல்லியிருக்கேன்" என்று கோமதி வெட்கத்தோடு காட்டினாள். மத்தியானம் பெல் அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் அந்தத் தூக்கு வந்துவிடும். வெயிலானாலும் மழையானாலும் வரும். முந்தானையால் மூடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அவர் ஒரு வாய் சாப்பிடுகிற வரை கேட்டுக்கு வெளியிலேயே நிற்பாள். உள்ளே வா என்றால் வரமாட்டாள். எவ்வளவு நல்ல நாட்கள்! அப்போது அது தெரியவில்லை.

அவர் மூடியைத் திறந்தார். நல்லெண்ணெயும் வறுத்த எள்ளும் சேர்ந்த வாசனை வந்தது. ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார்.

கோமதியின் கைப்பக்குவமேதான். பெருங்காயம் ஒரு சிட்டிகை தூக்கல், அதுகூட அப்படியே.

ஆவுடையப்பன் அழுதார். சுடலைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு சாமி காவி வேட்டியைப் பாயில் விரித்தார். தூக்குவாளிகளை ஒவ்வொன்றாக அதில் அடுக்கினார். கோமதியின் தூக்கிலிருந்த இட்லியை வாழையிலையில் மாற்றிவிட்டு, அதையும் கழுவித் துடைத்து நடுவில் வைத்தார். நான்கு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"பாத்திரத்தைக் குடுத்துட்டு வாங்க சார். பிள்ளை இன்னும் வேப்பமரத்தடியிலதான் நிக்கி. தென்காசி பஸ்ஸும் வர நேரம் ஆயிட்டு."

ஆவுடையப்பன் மூட்டையைத் தொட்டார். தூக்கவில்லை.

"வெறும் பாத்திரத்தையா சாமி?"

"ஏன்?"

"கோமதி யாருக்கும் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுத்ததே இல்ல. ஒண்ணும் இல்லாட்டாலும் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் குடுப்பா. எங்கிட்ட என்ன சாமி இருக்கு, போட்டுக் குடுக்க?"

சாமி மூட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க கொண்டு போங்க சார். வெறும் பாத்திரமா இருக்காது."