எள்ளுக் கொல்லையில் நின்ற தண்ணீர்

மடத்து வாசலில் செங்கமலம் வந்து நின்றபோது அவள் கையில் மண்வெட்டி இருந்தது.

"என்னம்மா, சண்டைக்கா?" என்றார் குரு. வயதில் அவளுக்கு இளையவர்தான். ஆனாலும் அவரிடம்தான் அவள் உபதேசம் வாங்கியிருந்தாள்.

"வரப்பை உசத்தப் போறேன், சாமி. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். பக்கத்துலயே இருந்து குழி பறிக்கிறவனை எப்படிக் கையும் களவுமா பிடிக்கிறது?"

"யாரை?"

"கீழக்கொல்லை கலியமூர்த்தியை. சித்திரையில இப்படி மழை கொட்டுமா? சரி, கொட்டிச்சு. அவன் கொல்லையில தண்ணி வடிஞ்சாச்சு. என் எள்ளுல மட்டும் கணுக்கால் தண்ணி நிக்குது. பூவும் பிஞ்சுமா இருந்த செடி தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. சம்பாதான் வெள்ளத்துல போச்சு. இதுவும் அழுகிட்டா நான் எதை வச்சு அடுப்பு மூட்ட?"

"அவர் கொல்லை பள்ளம். அங்கேருந்து தண்ணி மேட்டுக்கு ஏறுமா?"

"அவன் ஏத்துவான், சாமி."

குரு சிரிக்கவில்லை.

"காலையில மண்வெட்டியோட என் வரப்போரம் நின்னான். எங்களுக்குள்ள பேச்சு நின்னு நாளாச்சு. என்னைக் கண்டதும் நழுவிட்டான். இன்னும் என்ன சாட்சி வேணும்?"

குரு எழுந்து அவளோடு நடந்தார்.

கொல்லைத் தண்ணீரில் இறங்கி, கீழ்ப்பக்க வரப்புக்குப் போனார். வரப்பெங்கும் புல். ஓரிடத்தில் மட்டும் வெறும் களிமண், கெட்டியாக அடைத்திருந்தது.

"இது?"

"வடிமடை. மிச்சத் தண்ணி கீழ வடியற வழி." செங்கமலம் முந்தானையை இழுத்துச் செருகினாள். "விதைச்சப்ப நான்தான் அடைச்சேன். என் மோட்டார்த் தண்ணி ஒரு சொட்டு அவன் பக்கம் கசியக் கூடாது பாருங்க. திறந்துடுவானோன்னு தினமும் வந்து மிதிச்சுட்டுப் போவேன்."

குரு வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

கலியமூர்த்தியின் எள்ளுக்கு நடுவே புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. அதற்காகப் பிடுங்கிய காய்ச்செடிகள் கரையில் கிடந்தன. வாய்க்கால் அந்தக் கோடியில் வடிகாலில் சேர்ந்தது. இந்தக் கோடியில், அடைத்த மடைக்கு நேராக வந்து, வரப்பைத் தொடாமல் நின்றது.

அவள் பார்வை வாய்க்காலின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது.

"இதுல ஏதோ சூது இருக்கு, சாமி," என்றாள் கடைசியில். குரலில் முன்னிருந்த வேகம் இல்லை. "இவ்வளவு தூரம் வெட்டினவன் வரப்பை மட்டும் ஏன் விட்டான்?"

"வரப்பு உங்களுது," என்றார் குரு. "மண்வெட்டியும்."