கோட்டை வாசல் கல்லில் காரைமேடு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைச் சொன்னால் நாலு ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாமல் விடுவதே நல்லது.

அந்த நாட்டு மக்களுக்கு ஒரு பழக்கம். எதைச் சாப்பிட்டாலும், முதல் வாய் உள்ளே போனதும், "எங்கள் ஊரில் இதைவிட நன்றாக இருக்கும்" என்பார்கள். கல்யாணப் பந்தியில் சொல்வார்கள். கருமாதிப் பந்தியிலும் சொல்வார்கள். ஒருமுறை எதிரிகள் தளவாயைச் சிறைபிடித்துக் கூழ் ஊற்றினார்கள். தளவாய் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அதே வார்த்தையைச் சொன்னார். பிறகு ஒவ்வொரு வேளையும் சொன்னார். எதிரிகள் வெறுத்துப்போய் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தளவாயின் ஊர் ஆனைமடுவு. முறுக்குக்குப் பேர்போனது. அரண்மனை வைத்தியர் கொழுமணியூர்க்காரர். அங்கே எள்ளுருண்டை. அமைச்சர் கச்சிராயரின் ஊர் பூவாழைக்குடி. அந்த ஊர் வாழைப்பழத்தை உரித்து வைத்தால் எறும்பு மயங்கி விழும் என்பது கச்சிராயரின் கூற்று. விழுந்த எறும்பை யாரும் பார்த்ததில்லை.

சபையில் விகடகவியாக இருந்தவன் ஏகாம்பரன். அவன் ஊர் காரைமேடு. பூவாழைக்குடிக்கு அடுத்த ஊர். நாற்பது வீடு, ஒரு ஏரி. அவன் மட்டும் சாப்பாட்டில் எதுவும் சொல்லமாட்டான். போட்டதைத் தின்றுவிட்டுக் கை கழுவுவான். மனைவி செங்கமலம் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்று முதல் அவன் ஊர்ப்பக்கம் போகவில்லை. சபையில் எல்லோரையும் சிரிக்க வைத்தான். அது வேலை.

அந்த வருஷம் கோடை கொடியது. வறண்ட ஊர்களுக்கெல்லாம் கிணறு வெட்டித் தருவதாக அரசர் அறிவித்திருந்தார். எனவே காலைச் சபையில் தளவாய் கண் கலங்குவார்: "ஆனைமடுவுக் கிணற்றில் சேறுதான் இருக்கிறது, அரசே. குதிரைகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறது." வைத்தியர் விம்முவார்: "கொழுமணியூர்த் தண்ணீர் ஒரே உப்பு. பருப்பு வேகமாட்டேன் என்கிறது." கச்சிராயர் வாழைத்தோட்டம் கருகுவதைச் சொல்லி மூக்கை உறிஞ்சுவார். மதியம் பந்தியில் அதே மூவரும் தங்கள் ஊரைப்போல் உலகில் ஊர் கிடையாது என்று மார்தட்டுவார்கள்.

ஒருநாள் பந்தியில் முறுக்கா எள்ளுருண்டையா என்று வாக்குவாதம் முற்றியது. தளவாய் வாளில் கை வைத்தார். வைத்தியர் பேதி மருந்தில் கை வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த அரசருக்கு ஒரு யோசனை உதித்தது.

"நிறுத்துங்கள். கோட்டை வாசலில் ஒரு பெரிய கல் நடுவோம். நாட்டிலுள்ள ஒவ்வோர் ஊரின் பெயரையும், அது எதற்குப் பேர்போனது என்பதையும் வெட்டி வைப்போம். வருகிறவன் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்."

சபை ஆரவாரித்தது. எழுத்தர் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். ஏகாம்பரனின் முறை வந்தது.

"காரைமேடு" என்றான்.

"பேர்போனது?"

ஏகாம்பரன் யோசித்தான். கேழ்வரகு விளையும். எல்லா ஊரிலும் விளைகிறது. கோழி உண்டு. அதுவும் மற்ற கோழி மாதிரிதான் கூவும்.

"ஒன்றுமில்லை" என்றான்.

சபை சிரித்தது. அவன் சிரிக்க வைக்காமலே சபை சிரித்தது அதுதான் முதல் தடவை. கச்சிராயர் எழுந்தார். ஏகாம்பரனுக்கு அரசர் காது கொடுப்பது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"அரசே, பேரில்லாத ஊருக்கு ஏரி எதற்கு? அங்கே அந்தத் தண்ணீர் கேழ்வரகுக்குப் போகிறது. வாய்க்கால் வெட்டிப் பூவாழைக்குடிக்குத் திருப்பினால் நாட்டுக்கே பெருமை தரும் வாழை பிழைக்கும்."

"காரைமேட்டு மக்கள்?" என்றார் அரசர்.

"எங்கள் தோட்டத்தில் களை பிடுங்க வரட்டும். பழத்தோலாவது கிடைக்கும்."

ஏகாம்பரன் முகத்தில் ஈ ஆடவில்லை. அரசர் தாடியைத் தடவினார். அவருக்கு இரண்டு பக்கமும் ஆசை. வாழைப்பழமும் பிடிக்கும், ஏகாம்பரனையும் பிடிக்கும்.

"ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம், அரசே" என்றார் கச்சிராயர் தாராளமாக. "பௌர்ணமிக்குள் இவன் தன் ஊரிலிருந்து ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து சபையில் பரிமாறட்டும். அதைச் சுவைத்த பிறகு, 'எங்கள் ஊரில் இதைவிட நன்றாக இருக்கும்' என்று ஒருவரும் சொல்லாவிட்டால், காரைமேடு கல்லில் ஏறட்டும், ஏரி அவர்களுக்கே. ஒரே ஒருவர் சொல்லிவிட்டால், ஏரி எங்களுக்கு."

அமுதத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்தச் சபை வாயைத் திறக்காமல் இருக்காது. அது எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு சந்தேகம்" என்றான் ஏகாம்பரன். "சொன்னவர் பிறகு தம் வார்த்தையைத் திரும்பப் பெற்றால்?"

"சொல்லாததாகவே கொள்ளலாம்" என்றார் அரசர்.

கச்சிராயர் குலுங்கிச் சிரித்தார். "தன் ஊர்ப் பெருமையைத் திரும்பப் பெறுகிறவனா? இந்தச் சபையிலா?"

ஏகாம்பரன் மறுநாள் காரைமேட்டுக்குப் போனான். போகாமல் முடியாது.

செங்கமலத்தின் அண்ணன் வேலப்பன் வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். ஏகாம்பரனைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்தான்.

"வாங்க மாப்ளே. வழி தெரிஞ்சுதா?"

"ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன், மச்சான்."

விஷயத்தைச் சொன்னதும் ஊரே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு சட்டி எடுத்து வந்தார்கள்.

"எங்க வீட்டுக் களியைக் கொண்டு போங்க அண்ணே" என்றாள் கருப்பாயி. "கல்லு மாதிரி நிக்கும்."

"கல்லு மாதிரி நிக்கிறதை ராசா எப்படித் திம்பாரு? பல்லு போயிராதா?" என்றான் வேலப்பன். "எங்கிட்ட கருவாட்டுக் குழம்பு இருக்கு."

"அந்த வாடைக்கு அரமனையைக் காலி பண்ணிட்டு ஓடிருவாக."

"உன் களியத் தூக்கி அடிச்சா கோட்டையே இடிஞ்சிரும், பேச வந்துட்டா."

ஏகாம்பரன் எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டான். களி களியாக இருந்தது. குழம்பு குழம்பாக இருந்தது. குறை ஒன்றுமில்லை. பேர் வாங்கும் அளவுக்கும் ஒன்றுமில்லை. கூட்டம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டிகளை மூடிக்கொண்டு கலைந்தது. ஏரி போனால் ஊர் போயிற்று என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வேலப்பன் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். காரம் தணிய ஏகாம்பரன் குடித்தான். செம்பைக் கீழே வைக்கப் போனவன், வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒன்று அவனுக்கு ருசித்தது.

"மச்சான், கழுவின பெரிய பானை ஒன்று வேண்டும். பூட்டின வண்டி ஒன்றும் வேண்டும்."

"என்ன சமைக்கப் போறீக?"

"அடுப்பே வேண்டாம்."

வேலப்பன் தங்கை வீட்டுக்காரனை ஏற இறங்கப் பார்த்தான். பட்டணத்தில் இருந்து இருந்து மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டினான். ஆனாலும் பானையை எடுத்துக் கொடுத்தான்.

பௌர்ணமி அன்று சபை நிறைந்திருந்தது. கச்சிராயர் முன்பே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்: "அவன் எதை வைத்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்." சொல்லி வைக்காவிட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

வேலப்பனும் ஏகாம்பரனும் பானையைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். பானையின் வாய் வெள்ளைத்துணியால் கட்டப்பட்டிருந்தது. ஏகாம்பரன் துணியை அவிழ்த்து ஒவ்வொருவர் கிண்ணத்திலும் ஊற்றினான்.

தளவாய் கிண்ணத்துக்குள் பார்த்தார். "என்ன இது? அடி தெரிகிறது."

"தண்ணீர்" என்றான் ஏகாம்பரன்.

"வெறும் தண்ணீரா?"

"வெறும் தண்ணீர்தான். எங்கள் ஏரித் தண்ணீர். குடித்துவிட்டுச் சொல்லுங்கள்."

சபை கைகொட்டிச் சிரித்தது. அரசருக்கே முகம் வாடிவிட்டது. 'பாவம், பயல் தோற்றுவிட்டான்' என்று நினைத்தார்.

தளவாய் ஒரே மடக்கில் குடித்து மீசையைத் துடைத்தார். "இதெல்லாம் ஒரு தண்ணீரா? எங்கள் ஆனைமடுவில் இதைவிட நன்றாக இருக்கும். பளிங்கு! கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து நான் மீசை முறுக்கிக்கொள்வேன்."

"கேட்டுக்கொண்டேன்" என்றான் ஏகாம்பரன்.

வைத்தியர் மிடறு மிடறாகக் குடித்து, கண்ணை மூடி, திறந்தார். "எங்கள் கொழுமணியூரில் இதைவிட நன்றாக இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பதால்தான் அங்கே வைத்தியனுக்குப் பிழைப்பில்லை. நான் ஏன் இங்கே வந்தேன் என்று நினைக்கிறீர்கள்?"

ஒருவர் மிச்சமில்லாமல் சொன்னார்கள். எழுத்தர் தம் பங்குக்கு எழுந்து நின்று சொன்னார். கடைசியாகக் கச்சிராயர் கிண்ணத்தை எடுத்தார். ஏற்கெனவே வென்றாகிவிட்டது. அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வாய் கேட்கவில்லை.

"எங்கள் பூவாழைக்குடியில் இதைவிட நன்றாக இருக்கும். இளநீர் தோற்றுவிடும்."

"இனிப்பு சரி, அமைச்சரே" என்றான் ஏகாம்பரன். "அளவிலாவது எங்கள் ஏரி பெரியது. அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்."

"அளவா?" கச்சிராயருக்கு முகம் சிவந்தது. "யாரிடம் அளவு பேசுகிறாய்? எங்கள் ஊரில் வெள்ளம்போல் வழிகிறது! இந்தக் கோடையிலும் வழிகிறது! நாங்கள் கால் கழுவுகிற தண்ணீர் உன் ஏரி அளவு இருக்கும்!"

"அரசே, நான் தோற்றேன்" என்றான் ஏகாம்பரன். குனிந்து வணங்கினான். "ஆனால் தங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கிணறு வெட்டப் போகிற ஆட்களைத் திருப்பி அழைத்துவிடலாம். ஆனைமடுவில் சேறு தெளிந்து பளிங்காகிவிட்டதாம். கொழுமணியூரில் உப்புப் போய்விட்டதாம். சபையிலுள்ள எல்லோர் ஊரிலும் நல்ல தண்ணீர் இருக்கிறது. அவரவர் வாயாலேயே கேட்டோம்."



அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் உதடு துடிக்க ஆரம்பித்திருந்தது. "அட, ஆமாம். எழுத்தரே, கிணறு வெட்டும் ஆணைகளை எல்லாம் கொண்டுவாரும். கிழித்துப் போடலாம்."

"அரசே!" தளவாய் துள்ளி எழுந்தார். "நான் சொன்னது... அது பழைய சங்கதி. இப்போது சேறுதான். மீசை தெரிவதில்லை."

"அப்படியானால் காரைமேட்டுத் தண்ணீர்?"

தளவாய் திருதிருவென்று விழித்தார். போர்க்களத்தில்கூட அவர் அப்படி விழித்ததில்லை. "இது... இது எங்கள் ஊர்த் தண்ணீரைவிட நன்றாக இருக்கிறது, அரசே."

"வைத்தியரே?"

"உப்பு, அரசே. சத்தியமாக உப்பு. வாயில் வைக்க முடியாது."

"இன்றைக்குப் பருப்பு வெந்ததா?"

"வேகவில்லை, அரசே. வேகவே வேகாது!"

ஒருவர் பின் ஒருவராக எழுந்து தம் ஊர்த் தண்ணீரைத் திட்டினார்கள். போட்டி அதிலும் வந்துவிட்டது. ஒருவர் தம் ஊரில் தவளையே குடிபெயர்ந்துவிட்டது என்றார். இன்னொருவர், உங்கள் ஊரில் தவளையாவது இருந்ததே, எங்கள் ஊரில் தவளையை யாரும் பார்த்ததே இல்லை என்றார். எழுத்தர் கைகூப்பித் தம் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு உட்கார்ந்தார்.

கச்சிராயர் ஒருவர்தான் பாக்கி. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தார்.

"அமைச்சரே" என்றான் ஏகாம்பரன் மிகுந்த மரியாதையோடு. "தங்கள் ஊரில் வெள்ளம்போல் வழிகிறது. எங்கள் ஏரித் தண்ணீரையும் அங்கே திருப்பினால் வாழை மிதந்து போய்விடாதா? ஊர் முழுகிவிட்டால் பழி எங்கள் தலையில் விழும். எனவே ஏரி எங்களிடமே இருக்கட்டும். அல்லது, வழியவில்லை என்று சொல்லிவிடுங்கள். அப்போது எங்கள் தண்ணீருக்கு இந்தச் சபையில் எதிர்ப்பேச்சே இல்லை. எங்கள் ஊர் கல்லில் ஏறிவிடும். எது வசதி?"

கச்சிராயர் அரசரைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அந்தச் சபையில் ஒருவர் தம் ஊரைப் பற்றிப் பேச வார்த்தை கிடைக்காமல் நின்றது அதற்கு முன் நடந்ததில்லை.

"வழியவில்லை" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "சொட்டுக்கூட இல்லை. கிணறாவது வேண்டும், அரசே."

அரசர் சிரித்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தோளுக்கு ஏறி, சிங்காசனத்தை ஆட்டியது. கண்ணில் நீர் வந்தது. பிறகு விக்கல் வந்தது. விக்கலோடு பானையைக் காட்டினார். ஏகாம்பரன் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தான். அரசர் குடித்தார். விக்கல் நின்றது.

"நல்ல தண்ணீர்தான்" என்றார். சபையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"ஏரி காரைமேட்டுக்கே. பூவாழைக்குடிக்கு ஒரு கிணறு. அமைச்சர் தாமே நின்று வெட்டுவிக்கட்டும்." அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரனுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்? கேள்."

"கல்லில் எங்கள் ஊர் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள், அரசே. அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. பெரிதாக இருந்தால் தடவிப் பார்ப்பார்கள்."

அரசர் மறுபடி சிரித்தார். சாண் உயரத்துக்கு வெட்டும்படி அப்போதே உத்தரவானது.

கல் நட்ட அன்று வேலப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். கல்லின் முன் நின்று விரலால் தடவினான்.

"எது நம்ம ஊரு, மாப்ளே?"

"இது."

"பக்கத்துல இது?"

"தண்ணீர்."

வேலப்பன் எழுத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினான். "இம்புட்டுதானா?"

"இவ்வளவுதான், மச்சான்."

ஏகாம்பரன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். வேலப்பன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்களும் வாறீகளா?"

"ஓட்டுங்கள்" என்றான் ஏகாம்பரன். "தாகமாக இருக்கிறது."